கண்ணாடிக்குள் ஒரு காளை

கல்யாண மாலை, குழந்தையின் கைத்தடம், நெட்டிக் கோபுரம், ஜல்லிக்கட்டுச் சலங்கை என்று எல்லாம் பெட்டிச் சட்டத்துக்குள் ஏறும் காலம் இது. உள்ளே போன பொருள் எத்தனை நாள் பிழைக்கும்?

மணப்பாறைக் கடைவீதியில் ஒரு ஃப்ரேம் கடை. காலையிலேயே மரத்தூளும் வார்னிஷும் மூக்கில் ஏறுகின்றன. மருங்காபுரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த பெரியவர் மஞ்சள் பையைக் கல்லா மேசையில் கவிழ்த்தார். கலகலவென்று விழுந்தது பித்தளைச் சலங்கை கோத்த தோல் பட்டை ஒன்று. பின்னாலேயே இரண்டு கொம்புக் குப்பிகள், எண்ணெய் ஏறிக் கறுத்த மூக்கணாங்கயிறு, மூலை மடங்கிய போட்டோ. போட்டோவில் திமிலை உயர்த்தி நிற்கிறது ஒரு காளை. பக்கத்தில் அதன் கயிற்றைப் பிடித்தபடி அரைக்கால் சட்டைப் பேரன். காளை போன ஆடியில் செத்துவிட்டது. வீட்டு மனிதர்களோடு சரிசமமாக அதற்கும் கூடத்துச் சுவரில் இடம் வேண்டுமாம்.

கடைக்காரர் சலங்கையைக் கையில் தூக்கிக் கனம் பார்த்தார்.

“ஐயா, இது சாதாச் சட்டத்துல நிக்காது. ரெண்டு இஞ்சு ஆழம் வேணும். பெட்டியாத்தான் அடிக்கணும்.”

“அடி தம்பி.”

“பட்டையைப் பலகையில பசை போட்டு ஒட்டிரவா?”

“ஒட்டாத. அவன் கழுத்துலயும் கட்டித்தான கெடந்துச்சு? கட்டியே வை.”

அருங்காட்சியகங்களில் பழம்பொருள் பாதுகாப்புக்கென்றே படித்துவிட்டு வேலை பார்க்கிறவர்கள் சொல்லும் முதல் விதியும் இதுதான். ஒட்டாதே, கட்டு. பெரியவருக்கு அது யாரும் சொல்லித் தர வேண்டாத சங்கதி.

ஆழமான சட்டத்தை ஷேடோ பாக்ஸ் என்கிறார்கள் இணையத்தில் விற்பவர்கள். நம்மூர்க் கடைகளில் அது பாக்ஸ் ஃப்ரேம், டீப் ஃப்ரேம், சில இடங்களில் த்ரீ-டி ஃப்ரேம். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி விட்ட பெட்டி, அவ்வளவுதான். அந்த இரண்டு அங்குல இடைவெளிக்குள் இன்று தமிழ்நாட்டின் பாதிக் குடும்பக் கதை போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

எதையெல்லாம் கொண்டு வருகிறார்கள்?

திருச்சியில் எந்த ஃப்ரேம் கடையில் அரை மணி நேரம் நின்றாலும் புரிந்துவிடும். முகூர்த்த மாலையை ரெசினில் உறைய வைத்துத் தரும் தொழில் இன்ஸ்டாகிராமில் கொடிகட்டிப் பறக்கிறது. கைக்குழந்தையின் உள்ளங்கையையும் பாதத்தையும் அச்செடுத்துப் பொன்வண்ணம் பூசித் தருகிறார்கள். காய்ந்து விழுந்த தொப்புள்கொடியையும் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுகிறார்கள். பாட்டிமார் இதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை. அதே தொப்புள்கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்துப் பிள்ளையின் அரைஞாணில் கட்டியவர்கள் அவர்கள்தானே!

பயண நினைவுகள் தனி ரகம். திருச்சி விமான நிலையம் வழியாகச் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இலங்கைக்கும் வளைகுடாவுக்கும் போய் வருகிறவர்கள் ஏராளம். 2024 ஜனவரி 2 அன்று பிரதமர் திறந்துவைத்த புதிய முனையத்தின் சுவர்களிலேயே கோபுரமும் திருவிழாவும் சித்திரமாக இருக்கின்றன. அந்த வழியே வருகிறவர்கள் போர்டிங் பாஸ், வெளிநாட்டுச் சில்லறை, முதல் வேலையின் அடையாள அட்டை என்று அள்ளிக்கொண்டு வருகிறார்கள். பொன்மலைக்காரர்கள் ரயில்வேயில் பணியாற்றிய அப்பாவின் பித்தளைப் பட்டனையும் விசிலையும் தேடியெடுத்து வருகிறார்கள். பொன்மலைப் பணிமனை 1920-களின் இறுதியில் வந்தது. மூன்று தலைமுறை ரயில்வே குடும்பங்கள் அங்கே சாதாரணம். ஸ்ரீரங்கம் வந்து போகிற யாத்ரீகர்கள் ரங்கவிலாச மண்டபத்தைச் சுற்றியுள்ள கடைகளில் வாங்கும் சின்ன மரப்பொம்மைகளுக்கும் இப்போது பெட்டி அடிக்கிறார்கள்.

இனி, சலங்கை கொண்டுவந்த பெரியவரின் மருங்காபுரிப் பக்கம். பாளையமாக இருந்து ஜமீனாக நீடித்து, சட்டமன்றத் தொகுதியாகிப் பிறகு தொகுதி மறுவரையறையில் அந்தப் பெயரையும் இழந்த ஊர். மானாவாரி நிலமும் மாடுமே இங்கே சொத்து. ஆகவே இங்கே ஃப்ரேமுக்குப் போவதில் கல்யாண மாலையைவிட மாட்டு மாலைதான் அதிகம். 2014-ல் உச்ச நீதிமன்றத் தடை, 2017 தைப் போராட்டம், 2023 மே மாதத் தீர்ப்பு என்று ஜல்லிக்கட்டு நீதிமன்றம் ஏறி இறங்கிய பத்தாண்டுகளுக்குப் பிறகு, ஒரு சலங்கைப் பட்டை வெறும் மாட்டுச் சாமானாக இருக்க முடியாது.

துரைமார் வாங்கிப் போன திருச்சி

நினைவுப்பொருள் செய்து விற்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. 19-ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி கன்டோன்மென்டில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகளும் அவர்கள் குடும்பத்தாரும் ஊர் திரும்பும்போது கொண்டுபோன பொருள்களில் இரண்டைச் சொல்லலாம். ஒன்று காக்காப்பொன் எனப்படும் அப்பிரகத் தகட்டில் தீட்டிய ஓவியம். மற்றது நெட்டியில் செதுக்கிய கோயில்.

நெட்டி என்பது குளக்கரையிலும் சதுப்பிலும் தானாக முளைக்கும் செடி. தண்டின் தோலைச் சீவினால் உள்ளே பால்வெள்ளையாக, தக்கையாக, கையில் எடுத்தால் எடையே தெரியாத சோறு இருக்கும். வெயிலுக்குத் துரைமார் தலையில் கவிழ்த்த சோலாத் தொப்பி இதே செடியில் செய்ததுதான். தொப்பி போட்ட அதே ஆள்தான் அதே தண்டில் செய்த ஸ்ரீரங்கம் கோபுரத்தையும் வாங்கிப் பெட்டியில் வைத்துக் கப்பல் ஏற்றினார்.

நெட்டி வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். உலர்ந்த தண்டை ஒரு கையில் உருட்டிக்கொண்டே மறுகையில் மெல்லிய கத்தியைக் கொடுத்தால், சுருள் பிரிவதுபோல் தாளாக வந்துகொண்டிருக்கும். கத்தி கொஞ்சம் மழுங்கினாலும் தாள் பிசிறடித்துவிடும் என்பதால் நொடிக்கொரு தரம் தீட்டுகிறார்கள். அந்தத் தாளிலிருந்து அரிசிமணி அளவுக் கலசம், பல்குச்சி கனத் தூண், கோபுரத்து மாடத்தில் நிற்கும் நகமளவுச் சிலை எல்லாம் வெட்டியெடுத்து ஒட்ட வேண்டும். வண்ணம் பூசும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தந்தம்போல் இருக்கும் அந்த வெண்மைதான் அழகு. தும்மினால் பறந்துவிடும், தூசி படிந்தால் துடைக்க முடியாது. ஆகவே நெட்டி வேலை கண்ணாடிப் பெட்டி இல்லாமல் விற்பனைக்கு வருவதே அபூர்வம். அதாவது, இன்று ஷேடோ பாக்ஸ் என்று புதுசாகச் சொல்வதைத் தஞ்சாவூரும் திருச்சியும் நூறு வருஷத்துக்கு மேலாகச் செய்துகொண்டிருக்கின்றன.

■ பெட்டிச் செய்தி: காக்காப்பொன் ஓவியம்

திருச்சி, முர்ஷிதாபாத், பாட்னா, காசி ஆகிய ஊர்கள் அப்பிரக ஓவியத்துக்குப் பேர்போனவை. கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் மெல்லிய தகட்டில் தெய்வங்கள், சாமி ஊர்வலங்கள், பல தொழில் செய்வோர் என்று சிறுசிறு படங்களாகத் தீட்டுவார்கள். சில தொகுதிகளில் அட்டையில் முகம் மட்டும் இருக்கும். முகத்துக்குரிய இடத்தை வெறுமையாக விட்டு உடையும் அணியும் தீட்டிய தகடுகள் தனித்தனியாக இருக்கும். ஒவ்வொன்றாக மேலே வைத்தால் ஒரே முகம் அரசனாகும், சிப்பாயாகும், பூசாரியாகும். புகைப்படமும் தபால் அட்டையும் மலிந்ததும் இந்தத் தொழில் படுத்துவிட்டது. லண்டன் அருங்காட்சியகங்களில் இன்றும் திருச்சித் தகடுகளைப் பார்க்கலாம். தகடு ஏடு ஏடாக உரிந்துவிடும் என்பதால் அவற்றைக் கையாள்வதே தனிக் கலை.

சாமிக்குச் சேலை கட்டிய வீடுகள்

இன்னொரு பெட்டி மரபும் நமக்கு உண்டு. பழைய வீட்டுப் பூஜை அறையில் பார்த்திருப்பீர்கள். சரஸ்வதி படம் அச்சுப் படம்தான். ஆனால் அவள் சேலை மட்டும் நிஜப் பட்டு, ஓரத்தில் நிஜ ஜரிகை, கழுத்தில் கோத்த பாசிமணி, கிரீடத்தில் ஜிகினா. ரவி வர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கியபின் தெய்வப் படங்கள் மலிவாக வீடுதோறும் வந்தன. வந்த படத்தை அப்படியே மாட்ட நம் பெண்களுக்கு மனம் வரவில்லை. மத்தியான வேளைகளில் உட்கார்ந்து துணி வெட்டி ஒட்டி, மணி கோத்து, சாமியை உடுத்திவிட்டார்கள். துணியும் மணியும் மேடுதட்டியதால் கண்ணாடியைச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. தச்சரும் சட்டத்தைக் கொஞ்சம் ஆழமாக அடித்துக் கொடுத்தார். செட்டிநாட்டு வீடுகளில் இத்தகைய படங்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால் பல வீடுகளிலிருந்து அவை பழைய சாமான் வியாபாரி கைக்குப் போய்விட்டன.

தஞ்சாவூர் ஓவியத்துக்கும் இதே நியாயம். பலாப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புத் தூளும் பசையும் குழைத்து மேடு கட்டி, கல் பதித்து, தங்கத் தாள் ஒட்டிய படம் அது. கண்ணாடி அதன்மேல் உரசினால் தாள் பிய்ந்து வரும். தஞ்சையிலும் திருச்சியிலும் ராஜு சமூகத்து ஓவியர்கள் இதில் பேர் பெற்றவர்கள். சட்டத்தின் ஆழத்தையும் சேர்த்தே கணக்குப் போட்டு வேலை செய்தவர்கள்.

ஆக, நமக்குப் பெட்டி புதிதல்ல. புதிதாக வந்திருப்பவை ரெசினும் எம்.டி.எஃப். பலகையும் சூட்டுப் பசைத் துப்பாக்கியும். தொல்லையும் இவற்றோடுதான் வந்திருக்கிறது.

உள்ளே நடக்கும் வேதியியல்

கண்ணாடி போட்டாயிற்று, இனிப் பத்திரம் என்று நினைக்கிறோம். பெட்டியை மூடிய பிறகுதான் உள்ளே வேலை ஆரம்பிக்கிறது.

சலங்கைப் பட்டையையே எடுத்துக்கொள்வோம். தோலில் எண்ணெய்ப் பசை உண்டு. பித்தளையில் செம்பு உண்டு. இரண்டும் வருஷக்கணக்கில் ஒட்டிக் கிடந்தால் சேரும் இடமெல்லாம் பச்சையாக மெழுகுபோல் களிம்பு பூக்கும். மாடு கட்டியிருந்தவரை துடைத்துக்கொண்டே இருந்தார்கள். பெட்டிக்குள் போனால் யார் துடைப்பது? பித்தளையைப் புளி போட்டுப் பளபளக்க விட்டுச் சரியாக அலசாமல் மாட்டினாலோ இன்னும் மோசம். தங்கிய புளிப்பு உலோகத்தை அரித்துக்கொண்டே இருக்கும். நன்றாக அலசி, வெயிலில் ஈரம் போகக் காய வைத்து, ஒவ்வொரு சலங்கைக்கும் தோலுக்கும் நடுவே மெல்லிய பாலியெஸ்டர் தாள் துண்டைச் செருகினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் நின்றுவிடும்.

மூக்கணாங்கயிறும் மாட்டு மாலையும் பூச்சிக்குப் பிரியாணி. இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து எடுத்தால் உள்ளே இருக்கும் முட்டையும் புழுவும் சாகும். எடுத்த பிறகு ஒருநாள் முழுக்கப் பையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் குளிர்ந்த பொருளின்மேல் ஈரம் கோத்துக்கொள்ளும். துணிக்கும் கயிற்றுக்கும் இந்த வைத்தியம் சரி. வண்ணம் தீட்டிய மரத்துக்கு ஆகாது. தோசை மாவுக்குப் பக்கத்தில் மாட்டுக் கயிற்றை வைக்க வீட்டில் அனுமதி வாங்குவது உங்கள் பாடு.

அடிப்பலகை அடுத்த வில்லன். மலிவு என்பதால் எல்லோரும் எம்.டி.எஃப். போடுகிறார்கள். அதிலிருந்து அமில ஆவி கசிந்துகொண்டே இருக்கும். திறந்த இடத்தில் காற்றோடு போய்விடும். மூடிய பெட்டியில் எங்கே போகும்? உலோகம் மங்கும், காகிதம் பழுக்கும், சாயம் வெளுக்கும். அதன்மேல் கஞ்சி போட்ட வெல்வெட்டை மாவுப் பசையால் ஒட்டினால் இராமபாணப் பூச்சிக்கு விருந்தே வைத்தாயிற்று. சாயம் போகாத கைத்தறிப் பருத்தித் துணியைக் கஞ்சி போக இரண்டு முறை அலசி, பலகைமேல் இழுத்துத் தைத்து, பொருளைத் தூண்டில் நரம்பால் அதன்மேல் கட்டுவது நல்லது. நரம்பு கண்ணுக்குத் தெரியாது. நாளைக்கு வேண்டாம் என்றால் ஒரு கத்தரிப்பில் விடுதலை.

ரெசின் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையானவன். ஈரம் போகச் சிலிக்கா ஜெல்லில் நன்றாகக் காய்ந்த ரோஜா இதழ் ரெசினில் ஓரளவு நிறம் காக்கும். மல்லிகையும் சம்பங்கியும் பழுப்பாகும், எவ்வளவு கெட்டிக்காரர் செய்தாலும். எபாக்சி ரெசின் வெயில் பட்டால் மஞ்சளிக்கும். இது ஏதோ ஒரு கம்பெனியின் தரக்குறைவு இல்லை, அந்தப் பொருளின் குணம். மெதுவாக மஞ்சளிக்கும் ரகம் என்று அதிக விலைக்குத் தருகிறார்கள். அதுவும் மஞ்சளிக்கும், கொஞ்சம் தாமதமாக. எல்லாவற்றுக்கும் மேல், ஒருமுறை ஊற்றிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. பத்து வருஷத்தில் மாலை கறுத்தால் அந்தக் கட்டியை என்ன செய்வது? தூக்கிப் போட மனசும் வராது, பார்க்கவும் சகிக்காது. மாலையில் நான்கைந்து பூவைக் காயவைத்து, நாரோடும் ஜரிகையோடும் பெட்டிக்குள் கட்டி வைத்தால் போதும். காய்ந்த பூ காய்ந்த பூவாக இருக்கட்டும்.

போர்டிங் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது வெப்ப அச்சு. பேருந்துக் கருவி டிக்கெட்டும் ஏ.டி.எம். சீட்டும் அப்படித்தான். வெளிச்சத்தில் மாட்டினால் சில வருஷங்களில் வெற்றுக் காகிதம்தான் மிஞ்சும். ஸ்கேன் எடுத்து, நகலைப் பெட்டியில் வையுங்கள். அசலை இருட்டில் போடுங்கள். பழைய அட்டை ரயில் டிக்கெட் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அது மையில் அச்சிட்டது, தாங்கும்.

இன்னொன்று எல்லா வீட்டிலும் நடப்பது. ஐப்பசி மழையில் சுவர் ஓதம் கண்டு, தாத்தாவின் போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். போட்டோவின் மேல் பூச்சில் இருக்கும் ஜெலட்டின் ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது. உரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். உரிக்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே நல்ல கேமராவில் படமெடுத்துப் புதுப் பிரதி போடுங்கள். முதலிலேயே பெட்டிச் சட்டம் போட்டிருந்தால் இந்த வம்பே இல்லை. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே கால் அங்குல ரீப்பர் போதும்.

■ பெட்டிச் செய்தி: மாட்டும்போது

* குளியலறைக்குப் பொதுவான சுவர், மழை அடிக்கும் மேற்குச் சுவர் வேண்டாம்.
* சட்டத்தின் பின்பக்கக் கீழ் மூலைகளில் தக்கை அல்லது ரப்பர் துண்டு ஒட்டுங்கள். சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று ஓடினால் கரையானும் ஓதமும் சட்டென்று ஏறாது.
* ஆழப் பெட்டி கனக்கும். ஒற்றை ஆணியும் நூலும் போதாது. இரண்டு கொக்கி, திருகாணி.
* ஜன்னல் வெயில் நேரே விழும் இடம் கூடவே கூடாது. பளிச்சென்ற விளக்கைப் பெட்டிக்கு உள்ளேயே வைப்பதும் வேண்டாம்.
* தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடிகளைப் பூச்சியிலிருந்து காக்க வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை, கற்பூரம் சேர்த்த பொடியைத் துணி முடிச்சாக வைக்கும் வழக்கம் உண்டு. பெட்டியின் மூலையில், பொருளைத் தொடாமல், அப்படி ஒரு முடிச்சு வைக்கலாம். வாசம் போனதும் மாற்ற வேண்டும்.

சட்டத்துக்குள் போடக் கூடாதவை

இந்தத் தலைப்பில் சட்டம் என்றால் மரச் சட்டமும்தான், அரசின் சட்டமும்தான்.

மருங்காபுரியை ஒட்டிய விராலிமலையில் மயில் அதிகம். உதிர்ந்த தோகையைப் பொறுக்கிக் கண்ணாடிக்குள் வைத்து அழகு பார்ப்பதில் பிசகில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த மாமாவுக்கு அதைப் பரிசாகக் கொடுத்து விமானம் ஏற்றிவிட்டால், மயிலிறகு ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது என்று சுங்க அதிகாரி சொல்லித்தான் அவருக்குத் தெரியவரும்.

ராமேசுவரம் போனவர்கள் பவளத் துண்டும் கடல்விசிறியும் கடல்குதிரையும் வாங்கி வந்து பெட்டி அடிக்கிறார்கள். 2001-லேயே இவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலுக்குள் வந்துவிட்டன. யானைக்குத் தந்த அதே பாதுகாப்பு. விற்பதும் வாங்குவதும் குற்றம். பூஜைக்குரிய வெண்சங்கு அந்தப் பட்டியலில் இல்லை. குதிரைமுள்ளிச் சங்கு போன்ற சில உண்டு. சந்தேகமானதை வாங்காமல் இருப்பதே உத்தமம். தாத்தா வீட்டிலிருந்து வந்த பழைய தந்தச் சாமான் இருந்தால் அதை விற்க நினைக்க வேண்டாம். நாயக்கர் காலத் தந்தச் சிற்பங்களைப் பார்க்க ஆசையென்றால் ஸ்ரீரங்கம் கோயில் அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். அத்தனை நுட்பமான தந்த வேலையைத் தமிழ்நாட்டில் வேறெங்கே பார்ப்பது!

நூறு வயது தாண்டிய ஓவியமோ சிற்பமோ நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்கிறது தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டம். சுவடிகளுக்கு 75 ஆண்டு. பழையது போலிருக்கும் புதுத் தஞ்சாவூர் ஓவியத்தை எடுத்துப் போகிறவர்கள், அது தொல்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொண்டால் விமான நிலையத்தில் வியர்க்க வேண்டியிராது. கடையில் வாங்கிய ரசீதையும் கையோடு வைத்திருங்கள்.

பெட்டிக்கு ஒரு விலை, உள்ளே இருப்பதற்கு?

திருச்சி சிங்காரத்தோப்பில் பூம்புகார் விற்பனை நிலையம் இருக்கிறது. 1973-ல் தொடங்கிய தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் கடை. கலைத்தட்டு, தலையாட்டிப் பொம்மை, நெட்டிக் கோயில், அரும்பாவூர் மரச்சிற்பம் எல்லாம் கிடைக்கும். விழாவுக்கு நினைவுப்பரிசு வாங்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “பெட்டியோட எவ்வளவு?” என்பதுதான். செய்தவர் யார் என்று கேட்பவரைப் பார்ப்பது அரிது.

2020 மே மாதம் தஞ்சாவூர் நெட்டி வேலைக்கும் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. தஞ்சாவூர் ஓவியமும் கலைத்தட்டும் பொம்மையும் அதற்கு முன்பே வாங்கியவை. வேறு ஊர்க்காரர் அந்தப் பெயரைப் போட்டு விற்க முடியாது என்பது குறியீட்டின் பலன். ஆனால் குறியீடு குளத்தைத் தூர் வாராது. நெட்டிச் செடிக்குத் தேங்கிய நல்ல தண்ணீர் வேண்டும். குளம் வற்றினாலும் சாக்கடை கலந்தாலும் செடி போச்சு. கிடைக்கிற கொஞ்சத்தைத் தேடி அலைந்து அறுத்து வந்து, காயவைத்து, மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒரு பெரிய கோயில் செய்து முடித்தால், அதற்குக் கிடைக்கும் காசைவிடச் சில நேரம் அதை மூடும் தேக்குச் சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் ஆகிற காசு அதிகம். நெட்டி செய்கிற குடும்பங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கியதில் வியப்பு என்ன?

போதாக்குறைக்குத் தெர்மாகோல் வந்துவிட்டது. லேசர் வெட்டிய எம்.டி.எஃப். கோபுரமும் வந்துவிட்டது. தெர்மாகோலை நெட்டி என்று தலையில் கட்டும் கடைகளும் உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். வெட்டிய ஓரத்தை உற்றுப் பாருங்கள். தெர்மாகோல் குருணை குருணையாகத் தெரியும். நெட்டி வழவழப்பாக, கிட்டத்தில் பார்த்தால் பட்டுத் துணிபோல் இருக்கும்.

பெட்டி கலைஞரைத் தூக்கிவிட்ட கதையும் உலகில் உண்டு. பெரு நாட்டின் அயாகுச்சோ மலையூரில், ஊர் ஊராகத் தூக்கிப் போகும் சாமிப் பெட்டிகள் செய்வது பரம்பரைத் தொழில். இரட்டைக் கதவு திறந்தால் உள்ளே இரண்டு தட்டில் புனிதர்களும் ஆடுமாடுகளும் மந்தைக்காரர்களும் நிற்பார்கள். அவற்றைச் செய்த ஹொவாகீன் லோப்பெஸ் அன்ட்டாய் என்ற கைவினைஞருக்கு 1975-ல் அந்நாட்டின் தேசியப் பண்பாட்டு விருது கிடைத்தது. எண்ணெய் வண்ண ஓவியர்கள் கொதித்தார்கள். பெட்டி செய்கிறவனுக்கா இந்த விருது என்று தலைநகரில் பெரிய சண்டை. சண்டையின் பலன், அவர் பெயரை நாடே தெரிந்துகொண்டது. அமெரிக்காவில் பெட்டிக்குள் பழம்பொருள்களை அடுக்கியே பேர் வாங்கிய ஜோசஃப் கார்னலுக்கு அந்தச் சண்டை தேவைப்படவில்லை. அவரை முதலிலிருந்தே கலைஞர் என்றுதான் சொன்னார்கள். நம் நெட்டிக்காரருக்கும் காக்காப்பொன் ஓவியருக்கும் இரண்டும் வாய்க்கவில்லை. வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கும் திருச்சித் தகடுகளின் அடியில் ஊர்ப்பெயர் இருக்கிறது, நூற்றாண்டு இருக்கிறது, வாங்கிப் போன துரையின் பெயர்கூடச் சில இடங்களில் இருக்கிறது. வரைந்தவர் பெயர் இல்லை. வாங்கும்போது யாரும் கேட்டு எழுதிவைக்கவில்லை, அதனால் இல்லை.

இந்த ஒன்றை நம்மால் சரிசெய்ய முடியும், காசும் செலவில்லை. நெட்டியோ கலைத்தட்டோ மாட்டுச் சலங்கையோ வாங்கும்போது, செய்தவர் பெயரையும் ஊரையும் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் தெரிந்து சொல்லச் சொல்லுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது பொருளில் சீட்டு தானாகத் தொங்கும். வீட்டுப் பொருளென்றால் அது யாருடையது, எந்த வருஷம், எந்த ஊர் என்று தாளில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஊறும், பென்சில் ஊறாது. அந்தத் தாளைப் பெட்டியின் முதுகில் உறை தைத்துச் செருகிவிட்டு, அதன் பிறகு ஃப்ரேம் கடைக்காரரிடம் ஆணி அடிக்கச் சொல்லுங்கள்.